ரீகால் வந்த ஹேட்ச்பேக்கை வாங்கலாமா?

ஆறேழு வருடம் ஓடிய குடும்ப ஹேட்ச்பேக் ஒன்றை வாங்கப் போகிறீர்கள். பிடித்துப்போன மாடலுக்கு மூன்று முறை ரீகால் வந்திருக்கிறது என்று யாரோ சொல்ல, தயக்கம் வந்துவிட்டது. வாங்கலாமா, விட்டுவிடலாமா, இந்த ரக வண்டிகளில் வழக்கமாக என்னென்ன பழுது வரும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

மூன்று ரீகால் என்ற ஒரே காரணத்துக்காக எந்த வண்டியையும் ஒதுக்க வேண்டாம். நீங்கள் வாங்கப்போகும் அந்த ஒரு வண்டியில் ரீகால் வேலை முடிந்திருக்கிறதா, பாக்கி இருக்கிறதா என்பதைப் பாருங்கள். அப்புறம், கையைக் கடிக்கப்போகும் பழுதுகள் பெரும்பாலும் ரீகால் பட்டியலிலேயே இருக்காது. அதற்குக் காரணம் எளிது. ரீகால் பாதுகாப்புக் குறைகளுக்கான நடவடிக்கை. தீப்பிடிக்கலாம், ஓடும்போது இன்ஜின் நின்றுபோகலாம், பிரேக் பிடிக்காமல் போகலாம், ஏர்பேக் தப்பாக வெடிக்கலாம் என்ற நிலை வந்தால் நிறுவனம் வண்டிகளைத் திரும்ப அழைத்துச் செலவில்லாமல் சரிசெய்து தர வேண்டும். கியர்பாக்ஸ் உதறுகிறது, இன்ஜின் ஆயில் குடிக்கிறது, ஏசி குளிரவில்லை என்பதற்கெல்லாம் பெரும்பாலும் ரீகால் வராது. நிறையப் பேர் சண்டை போட்டால் வாரண்டியை நீட்டித்துத் தருவார்கள். இல்லையென்றால் டீலர்களுக்கு ஒரு சர்வீஸ் புல்லட்டின் (இந்தப் பழுதை இப்படிச் சரிசெய்யுங்கள் என்ற குறிப்பு) போகும், அவ்வளவுதான்.

ரீகால் எண்ணிக்கை தரத்தைக் காட்டும் அளவுகோலும் ஆகாது. ஒரே இன்ஜினும் ஒரே சப்ளையரின் பாகமும் பத்து மாடல்களில் போகும் காலம் இது. அதிகம் விற்கும் வண்டியில் குறை சீக்கிரம் தெரியவரும், ரீகாலும் சீக்கிரம் வரும். ஆனால் எண்ணிக்கை உண்மையிலேயே ஏதோ சொல்லும் சந்தர்ப்பமும் உண்டு. 2013 செப்டம்பரில் ஜப்பானில் வந்த மூன்றாம் தலைமுறை ஹோண்டா ஃபிட் ஹைப்ரிடுக்கு அடுத்த வருடம், 2014 அக்டோபருக்குள், ஐந்து ரீகால்கள். பெரும்பாலானவை புதிய இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸின் கட்டுப்பாட்டு மென்பொருள் சம்பந்தப்பட்டவை. அவசரமாகச் சந்தைக்குக் கொண்டுவந்தார்கள் என்பது அதிலிருந்தே தெரிகிறது. நிறுவனத் தலைவர் உட்பட உயர் அதிகாரிகள் சம்பளத்தில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்தார்கள். புதிய தலைமுறை வெளிவந்த முதல் வருட வண்டியைத் தவிர்க்கச் சொல்லி மெக்கானிக்குகள் சொல்வது சும்மா இல்லை.

ரீகால்களில் ஒன்றை மட்டும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவே கூடாது: டகாட்டா என்ற ஜப்பானிய நிறுவனம் செய்த ஏர்பேக். உலகம் முழுதும் சுமார் 10 கோடி இன்ஃப்ளேட்டர்கள் (ஏர்பேக்கை ஊதவைக்கும் பாகம்), ஏறக்குறைய எல்லாப் பெரிய நிறுவனங்களின் வண்டிகளும் சிக்கின. மோதலின்போது ஏர்பேக்கை ஊதவைக்கும் வாயுவை உண்டாக்க டகாட்டா அம்மோனியம் நைட்ரேட் பயன்படுத்தியது. வெப்பமும் ஈரப்பதமும் மாறி மாறித் தாக்கும்போது அந்த ரசாயன வில்லைகள் வருடக்கணக்கில் மெல்ல உதிர்ந்து நுண்துளைகள் விழுந்துபோகும். அப்புறம் பற்றவைத்தால் தேவைக்கு மேல் வேகமாக எரியும். அழுத்தம் தாங்காமல் இரும்பு உறையே சிதறி, அந்தத் துண்டுகள் ஓட்டுநரின் கழுத்துக்கும் முகத்துக்கும் பாயும். சின்ன மோதலில் பிழைத்திருக்க வேண்டியவர்கள் இதனால் இறந்திருக்கிறார்கள். 2008-இல் ஹோண்டாவின் சில ஆயிரம் வண்டிகளில் ஆரம்பித்த ரீகால் வளர்ந்துகொண்டே போய், 2017 ஜூனில் டகாட்டா திவால் மனு கொடுத்தது.

பழைய கதை என்று நினைத்துவிடாதீர்கள். 2024 மே மாதம் சிட்ரோயன் சி3, டிஎஸ்3 வண்டிகளின் உரிமையாளர்கள் சுமார் 6 லட்சம் பேரிடம், இன்ஃப்ளேட்டர் மாற்றும்வரை வண்டியை எடுக்கவே வேண்டாம் என்று சொல்லப்பட்டது. தெற்கு ஐரோப்பா, வட ஆப்பிரிக்கா, மத்தியக் கிழக்கு போன்ற வெப்பமான பகுதிகளில் இருந்த வண்டிகள் அவை. இரண்டும் சாதாரணக் குடும்ப ஹேட்ச்பேக்குகள். இந்தக் குறை வயது ஏற ஏறத்தான் மோசமாகும். எனவே ‘இத்தனை வருடம் ஒன்றும் ஆகவில்லையே’ என்ற வாதம் இங்கே தலைகீழாகத்தான் வேலை செய்யும்.

மற்றப் பெரிய ரீகால்களைப் பார்த்தால், பெரும்பாலும் கைக்கு அடங்கும் ஒரு சின்னப் பாகம்தான் காரணமாக இருக்கும். 2012 அக்டோபரில் டொயோட்டா 74 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. யாரிஸ், ஆரிஸ், கரோலா எல்லாம் அதில் உண்டு. காரணம் ஓட்டுநர் கதவில் இருக்கும் பவர் விண்டோ சுவிட்ச். உள்ளே கிரீஸ் சீராகத் தடவப்படாததால் அமுக்கும்போது உராய்ந்து தடங்கும். தடங்குகிறதே என்று கடையில் விற்கும் லூப்ரிகண்ட் ஸ்ப்ரேயை அடித்தால் சுவிட்ச் உருகிப் புகையலாம். பழைய காரில் ஜன்னல் சுவிட்ச் இறுகினால் நம்மில் பலர் முதலில் செய்யும் காரியம் அதுதானே!

2018-இல் ஃபோர்டு ஃபோகஸ் 2012 முதல் 2018 வரையிலான சுமார் 15 லட்சம் வண்டிகளுக்கு வந்த ரீகாலும் இதே ஜாதி. பெட்ரோல் டேங்கில் எழும் ஆவியை இன்ஜினுக்கு இழுத்துவிடும் பர்ஜ் வால்வு திறந்தபடியே சிக்கிக்கொள்ளும். இன்ஜினின் உறிஞ்சல் முழுக்க டேங்கின் மேல் விழ, பிளாஸ்டிக் டேங்க் உள்ளொடுங்கும், பெட்ரோல் முள் தாறுமாறாகக் காட்டும், கடைசியில் ஓடும்போதே இன்ஜின் நிற்கும். வேலை முடியும்வரை டேங்கை பாதிக்குக் கீழே இறக்காமல் ஓட்டுங்கள் என்று ஃபோர்டு சொன்னது. பெட்ரோல் மூடியைத் திறக்கும்போது வழக்கத்துக்கு மாறாக ‘உஸ்’ஸென்று காற்று உள்ளே இழுபட்டால், எந்த வண்டியாக இருந்தாலும் இந்த வால்வை ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.

டென்சோ என்ற உதிரிபாக நிறுவனத்தின் ஃபியூயல் பம்ப் விவகாரம் இன்னும் அகலமானது. பம்புக்குள் சுழலும் பிளாஸ்டிக் இம்பெல்லர் (பெட்ரோலைத் தள்ளும் சக்கரம்) அடர்த்தி குறைவாக வார்க்கப்பட்டிருந்தது. நாளடைவில் அது பெட்ரோலை உறிஞ்சி உப்பி, பம்பின் உடலில் உரசி நின்றுவிடும். டொயோட்டா, ஹோண்டா என்று பல நிறுவனங்கள் 2020 முதல் வண்டிகளை அழைத்தன. அதே வருடம் ஜூலையில் மாருதி சுசுகியும் வேகன்-ஆர், பலேனோ இரண்டிலுமாக 1,34,885 வண்டிகளை ஃபியூயல் பம்ப் குறைக்காகத் திரும்ப அழைத்தது.

ஹூண்டாய், கியா வண்டிகளில் ஏபிஎஸ் மாட்யூல் (பிரேக் அடிக்கும்போது சக்கரம் இறுகிப் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் பாகம்) பிரச்சினை. உள்ளே பிரேக் ஆயில் கசிந்து ஷார்ட் ஆகி, வண்டி அணைத்து நிற்கும்போதுகூட பானெட்டுக்குள் தீப்பிடிக்கலாம். 2023 செப்டம்பரில் அமெரிக்காவில் மட்டும் 33 லட்சத்துக்கும் மேல் வண்டிகளை அழைத்தார்கள்; கியா ரியோவும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. சரிசெய்யும்வரை வீட்டைவிட்டுத் தள்ளி வெட்டவெளியில் நிறுத்தச் சொன்னார்கள்.

சரி, இவையெல்லாம் நிறுவனமே செலவில்லாமல் செய்து தரும் வேலைகள். இனி உங்கள் பையிலிருந்து பணம் போகும் விஷயங்களுக்கு வருகிறேன்.

என்னிடம் கேட்டால், கடந்த பத்துப் பன்னிரண்டு வருடத்து ஹேட்ச்பேக்குகளில் மிகப் பெரிய தலைவலி ஆயிலுக்குள் ஓடும் டைமிங் பெல்ட்தான். டைமிங் பெல்ட் என்றால் இன்ஜின் வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூடவைக்கும், வழக்கமாக இன்ஜினுக்கு வெளியே, உலர்ந்த இடத்தில், ஒரு பிளாஸ்டிக் கவருக்குள் ஓடும் ரப்பர் பெல்ட். உராய்வைக் குறைத்து மைலேஜ் கூட்டலாம் என்று சில நிறுவனங்கள் அதை இன்ஜின் ஆயிலில் நனைந்தபடியே ஓடவைத்தன. ஃபோர்டின் 1.0 ஈக்கோபூஸ்ட், பியூஜோ, சிட்ரோயன் வண்டிகளில் வரும் 1.2 பியூர்டெக் இரண்டும் இதில் பேர் போனவை. இரண்டுமே ஓட்டுவதற்கு அருமையான இன்ஜின்கள், அதில் சந்தேகமில்லை. விருதுகளும் வாங்கியவை.

பிரச்சினை ரப்பரில். குறுகிய தூரமே ஓடி, இன்ஜின் முழுச் சூடு ஏறுவதற்குள் அணைக்கப்படும் வண்டியில் எரியாத பெட்ரோல் கொஞ்சம் கொஞ்சமாக ஆயிலில் கலக்கும். பெட்ரோல் கலந்த ஆயிலில் ஊறும் ரப்பர் உப்பும், ஓரம் வெடிக்கும், பிசிறு பிசிறாக உதிரும். உதிர்ந்த கரும்பிசிறுகள் சம்புக்கு (இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) இறங்கி, ஆயில் பம்ப் உறிஞ்சும் குழாயின் முனையில் இருக்கும் ஸ்ட்ரெய்னர் வலையில் போய் அப்பிக்கொள்ளும். சம்பைக் கழற்றிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: ஈரமான காப்பித்தூள் போலக் கருப்பாக, விரலால் வழித்தால் ஒட்டிக்கொண்டு வரும். வலை அடைபட்டதும் ஆயில் அழுத்தம் குறையும்; டர்போவும் பேரிங்குகளும் பட்டினி கிடக்கும். பியூர்டெக்கில் பிசிறுகள் பிரேக்குக்கு வெற்றிடம் உண்டாக்கும் பம்பு வரைக்கும் போய், பிரேக் பெடல் கல்லாகிப்போன சம்பவங்கள் வந்ததால்தான் அதற்கு ரீகாலும் வந்தது. பெல்ட் தேய்வதற்கு ரீகால் இல்லை, பிரேக் போவதற்கு ரீகால் உண்டு. மேலே சொன்ன வித்தியாசம் இதில் அப்படியே தெரியும்.

ஆரம்பத்தில் பியூர்டெக் பெல்ட்டை 10 வருடம் அல்லது 1,80,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றினால் போதும் என்றார்கள். பிறகு சத்தமில்லாமல் 6 வருடம் அல்லது 1,00,000 கிலோமீட்டர் என்று குறைத்தார்கள். புகார்கள் ஓயாததால் 2024-இல் பியூஜோ, சிட்ரோயனின் தாய் நிறுவனமான ஸ்டெல்லாண்டிஸ் ஐரோப்பாவில் 10 வருடம், 1,75,000 கிலோமீட்டர் வரை வாரண்டியை நீட்டித்தது. சர்வீஸ் ஒழுங்காக நடந்ததற்கு ஆதாரம் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அதே இன்ஜினின் புதிய பதிப்பில் பெல்ட்டை விட்டு உலோகச் செயினுக்கே திரும்பிவிட்டார்கள். ஃபோர்டும் பிற்பாடு டைமிங்குக்குச் செயின் போட்டது. ஆனால் ஆயில் பம்பை ஓட்டும் சின்ன பெல்ட் ஆயிலுக்குள்ளேயே இருந்தது. அந்த பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனருக்காக 2023 டிசம்பரில் அமெரிக்காவில் ஃபோகஸ், ஈக்கோஸ்போர்ட் இரண்டிலுமாக சுமார் 1,40,000 வண்டிகள் அழைக்கப்பட்டன.

இதைச் சோதிப்பது அவ்வளவு கஷ்டமில்லை. பியூர்டெக்கில் இன்ஜின் ஆறியிருக்கும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து டார்ச் அடித்தால் பெல்ட்டின் முதுகு நேராகக் கண்ணில் படும். நல்ல பெல்ட் சமமாக, மங்கலாக இருக்கும். குறுக்கே மயிரிழை வெடிப்புகள், பளபளப்பு, ஓரத்தில் நூல் பிரிதல் இதில் எது தெரிந்தாலும் அது போகிற பெல்ட். பெல்ட் உப்பி அகலமாகியிருக்கிறதா என்று அளக்க அந்தத் துளை வழியாகவே நுழைக்கும் ஒரு அளவுக் கருவி இருக்கிறது. விவரம் தெரிந்த ஒர்க்‌ஷாப்பில் வைத்திருப்பார்கள். அகலம் கூடியிருந்தால் வயது என்ன, கிலோமீட்டர் என்ன என்று பார்க்கத் தேவையில்லை, மாற்ற வேண்டியதுதான். மாற்றும்போது சம்பையும் கழற்றி ஸ்ட்ரெய்னரைச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். புது பெல்ட் போட்டுவிட்டுப் பழைய பிசிறுகளை உள்ளேயே விட்டுவைப்பதில் ஒரு பிரயோசனமும் இல்லை.

இந்த இன்ஜின்களில் ஆயிலின் ரகமும் உயிர்நாடி. நிறுவனம் சொன்ன குறியீட்டு எண் கொண்ட ஆயில் போடாமல் கையில் கிடைத்ததை ஊற்றினால் பெல்ட்டின் ஆயுள் பாதியிலேயே போகும். எனவே விற்பவரிடம் சர்வீஸ் பில் இருந்தால், ஆயில் எப்போது மாற்றினார்கள் என்பதோடு நிற்காமல் எந்த ஆயில் என்றும் பாருங்கள்.

செயின் இன்ஜின் என்றால் நிம்மதியா? அதுவும் முழுசாக இல்லை. ஃபோக்ஸ்வாகனின் 1.2, 1.4 டிஎஸ்ஐ டர்போ பெட்ரோல் இன்ஜின்களில் இஏ111 என்ற பழைய குடும்பம் செயின் நீள்வதற்கும் டென்ஷனர் தளர்வதற்கும் பெயர்பெற்றது. கோல்ஃப், போலோ இரண்டிலும் வந்தது. 2012-க்குப் பிறகு வந்த இஏ211 குடும்பத்தில் அவர்கள் உலர்ந்த பெல்ட்டுக்கு மாறினார்கள், அந்த வகையில் அது தேறிவிட்டது. மினியும் பியூஜோவும் பகிர்ந்துகொண்ட பழைய 1.6 டர்போ இன்ஜினிலும் இதே நோய். காலையில் முதல் ஸ்டார்ட்டில் டைமிங் கவர் பக்கமிருந்து இரண்டு மூன்று விநாடி ‘கடகட’வென்று சத்தம் வந்து, ஆயில் அழுத்தம் ஏறியதும் அடங்கிவிடும். சூடான இன்ஜினில் ஸ்டார்ட் செய்தால் அது கேட்கவே கேட்காது. அதனால்தான் பழைய வண்டி பார்க்கப் போகும்போது, நான் வருவதற்கு முன் ஸ்டார்ட் செய்யாதீர்கள் என்று விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் வேறொரு நாள் வருகிறேன் என்று கிளம்பிவிடலாம்.

இரண்டாவது பெரிய செலவு கியர்பாக்ஸ். இங்கே ஒரு பேரைக் கேட்டதும் எச்சரிக்கையாக வேண்டும்: உலர் இரட்டை கிளட்ச். உள்ளே சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ் மாதிரிதான். இரண்டு கிளட்ச்களை கம்ப்யூட்டர் மாற்றி மாற்றிப் பிடிக்கும். நெடுஞ்சாலையில் சொர்க்கம். நகர நெரிசலில் ஊர்ந்துகொண்டே போகும்போது கிளட்ச் பாதிப் பிடியிலேயே நின்று சூடாகித் தேயும், நிறுத்தத்திலிருந்து கிளம்பும்போது வண்டி உதறும்.

ஃபோர்டு ஃபியஸ்டா, ஃபோகஸ் வண்டிகளில் வந்த பவர்ஷிஃப்ட் கியர்பாக்ஸ் இதற்குப் பாடப்புத்தக உதாரணம். கிளட்ச் தேய்மானம் போதாதென்று இன்புட் ஷாஃப்ட் சீல் கசிந்து கிளட்ச் பிளேட்டில் ஆயில் படுவது, கட்டுப்பாட்டு மாட்யூல் செத்துப்போவது என்று வரிசையாக வந்தன. உதறலுக்கு உங்கள் ஓட்டும் முறைதான் காரணம் என்று வாடிக்கையாளர்களையே குறை சொன்ன விவகாரம் ஆஸ்திரேலியாவில் நீதிமன்றம் வரை போய், 2018 ஏப்ரலில் ஃபோர்டுக்கு 1 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விழுந்தது. 2011 முதல் 2016 வரையிலான வண்டிகளில் இந்தக் கியர்பாக்ஸ் இருந்தால், கிளட்சும் மாட்யூலும் மாற்றியதற்கு ரசீது இல்லாமல் நான் தொடமாட்டேன். அதே வண்டி மேனுவல் கியர்பாக்ஸோடு கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு பார்க்கப் போகலாம். மாடல் பேரை மட்டும் வைத்து நல்லது கெட்டது சொல்ல முடியாது என்பது இதனால்தான்.

ஃபோக்ஸ்வாகன் குழுமம் தன் இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸுக்கு வைத்த பேர் டிஎஸ்ஜி. அதில் ஏழு கியர் கொண்ட உலர் ரகம், அதாவது டிக்யூ200, அந்த அளவுக்கு மோசமில்லை. ஆனால் அதன் மூளையான மெக்கட்ரானிக் யூனிட் தடாலென்று போகும். வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த ஊர்களில், நின்று நின்று ஓடும் வண்டிகளில், சிந்தெடிக் கியர் ஆயில் காரணமாக உள்ளே மின்சாரம் ஷார்ட் ஆகி வண்டி இழுக்காமல் நின்றது. 2013 நவம்பரில் உலகம் முழுதும் 16 லட்சம் வண்டிகளை அழைத்து, சிந்தெடிக் ஆயிலை எடுத்துவிட்டு மினரல் ஆயிலை ஊற்றினார்கள். அதே பிராண்டில் ஆறு கியர் கொண்ட, ஆயிலில் நனைந்த கிளட்ச் டிஎஸ்ஜி வேறு ரகம். குறித்த காலத்தில் ஆயிலும் ஃபில்டரும் மாற்றினால் நன்றாகவே உழைக்கும்.

சோதனை ஓட்டத்தில் ஆட்டோமேட்டிக்கை நெடுஞ்சாலைக்குக் கொண்டுபோய்ப் பிரயோசனமில்லை. பிரேக்கிலிருந்து காலை எடுத்து, ஆக்ஸிலரேட்டர் தொடாமல், நடை வேகத்தில் ஊரவிடுங்கள். லேசான ஏற்றத்தில் நிறுத்திக் கிளப்புங்கள். ரிவர்ஸிலும் அதையே செய்யுங்கள். கால்மணி நேரம் ஊர்ந்து கிளட்ச் சூடேறிய பிறகுதான் உதறல் வெளியே வரும். விற்பவர் பொறுமையிழந்து கடிகாரம் பார்த்தாலும் விடாதீர்கள். சிவிடி (கியர் படிகளே இல்லாத ஆட்டோமேட்டிக்) என்றால் வேறு கதை: சீரான வேகத்தில் போகும்போது விசில் போன்ற முனகல், ஆக்ஸிலரேட்டர் மிதித்தால் ஆர்பிஎம் ஏறியும் வேகம் ஏறாமல் இழுவை, இவைதான் அறிகுறி. சிவிடியில் ஆயில் மாற்றவே தேவையில்லை என்று யாராவது சொன்னால், வாரண்டி முடியும்வரை தேவையில்லை என்று அதைத் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

கூலிங் பக்கம் சுருக்கமாக. சின்ன டர்போ இன்ஜினில் கூலன்ட் குறைந்து சூடேறினால் சிலிண்டர் ஹெட் வளைந்துவிடலாம். ஆரம்பகால 1.0 ஈக்கோபூஸ்டில் ஒரு பிளாஸ்டிக் கூலன்ட் பைப் வெடித்து இன்ஜினே போன கதைகள் ஏராளம். இன்றைய வண்டிகளில் தெர்மோஸ்டாட் ஹவுசிங், வாட்டர் பம்ப் உடல் எல்லாம் பிளாஸ்டிக். சூட்டில் வளைந்து மெல்லக் கசியும். ரிசர்வாயர் டேங்கில் அளவு குறைந்திருக்கிறதா, குழாய் இணைப்புகளில் காய்ந்த வெள்ளை அல்லது இளஞ்சிவப்புப் படிவு இருக்கிறதா என்று பாருங்கள். டேங்க் நிறைய வெறும் தண்ணீர் இருந்தால் எங்கேயோ கசிகிறது, விற்பவருக்கும் தெரியும்.

சஸ்பென்ஷன் சத்தங்கள் பயமுறுத்தும், ஆனால் இந்தப் பட்டியலிலேயே மலிவானவை. குழியில் இறங்கும்போது முன்பக்கம் ‘டக்’கென்றால் பெரும்பாலும் ஸ்டெபிலைசர் லிங்க் அல்லது லோயர் ஆர்ம் புஷ். ஸ்டியரிங்கை முழுசாகத் திருப்பிக் கிளம்பும்போது ‘டிக் டிக் டிக்’ என்றால் டிரைவ் ஷாஃப்டின் வெளி ஜாயின்ட். ரப்பர் பூட் கிழிந்து கிரீஸ் தெறித்திருக்கும். வேகத்தோடு ஏறும் ஊளை, வளைவில் ஒரு பக்கம் சாயும்போது கூடிக் குறைந்தால் வீல் பேரிங். டிக்கி நிறையச் சுமை ஏற்றிய வண்டியில் பின்பக்க காயில் ஸ்பிரிங்கின் கீழ்ச் சுற்று உடைந்திருக்கும், பலர் கவனிப்பதே இல்லை. ஒன்றை மட்டும் கவனமாகப் பாருங்கள்: முன் ஸ்பிரிங் உடைந்த முனை டயரை நோக்கி இருந்தால் அது டயரைக் கிழித்துவிடும்.

பின்பக்கம் டிரம் பிரேக் உள்ள வண்டியில், ஹேண்ட் பிரேக் அளவுக்கு மீறி உயர வந்து பிடித்தால் அட்ஜஸ்டர் இறுகியிருக்கிறது. வீல் சிலிண்டர் கசிந்தால் டயரின் உள்பக்கத்தில் ஈரக்கோடு தெரியும். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றாத வண்டியில் ஏபிஎஸ் மாட்யூல் உள்ளேயிருந்து துருப்பிடிக்கும், அதன் விலை கேட்டால் தலை சுற்றும்.

ஹேட்ச்பேக்குக்கே உரிய ஒரு பழுது உண்டு, வாங்குபவர்கள் அநேகமாகத் தவறவிடுவது. கூரைக்கும் டிக்கிக் கதவுக்கும் இடையே ஒரு ரப்பர் குழாய் போகும், அதற்குள் ஒயர்கள். வருடக்கணக்கில் திறந்து மூடித் திறந்து மூடி அந்த மடிப்பில் ஒயர்கள் ஒவ்வொன்றாக முறியும். ஒரு நாள் பின் வைப்பர் நிற்கும், அடுத்து நம்பர் பிளேட் விளக்கு, அப்புறம் டிக்கி பூட்டு, ரிவர்ஸ் கேமரா. மெக்கானிக் ஒவ்வொரு பாகமாக மாற்றிப் பார்த்துச் செலவு வைப்பார். பின்பக்க வேலைகளில் இரண்டு சேர்ந்தாற்போல் நின்றால் முதலில் அந்த ரப்பரை விலக்கி ஒயரைப் பாருங்கள். பின் கண்ணாடிக்கு வாஷர் தண்ணீர் போகும் குழாயும் பெரும்பாலும் அந்த வழியேதான் போகும். அது கழன்றால் தண்ணீர் கதவுக்குள்ளோ கூரைத் துணிக்குள்ளோ இறங்கும். ஸ்டெப்னி இருக்கும் குழியைத் தூக்கிப் பார்த்தால் குட்டை தேங்கியிருக்கும். பார்க்கும்போது டிக்கிக் கதவைப் பாதி திறந்து கையை விடுங்கள். சரிந்து இறங்கினால் கதவைத் தாங்கும் கேஸ் ஸ்ட்ரட் போய்விட்டது. அது சின்னச் செலவுதான், தலையில் விழுவதற்குள் மாற்றிக்கொள்ளலாம்.

மின்சார ஹேட்ச்பேக்கும் யோசனையில் இருந்தால், செவர்லே போல்ட் கதையைத் தெரிந்துகொள்ளுங்கள். எல்ஜி தயாரித்த பேட்டரி செல்களில் சிலவற்றில் ஆனோட் டேப் (மின்முனையிலிருந்து நீளும் சின்னத் தகடு) கிழிந்தும் செப்பரேட்டர் (மின்முனைகளைப் பிரிக்கும் படலம்) மடிந்தும் இருந்தன. இரண்டும் ஒரே செல்லில் சேர்ந்தால் தீ. 2020 நவம்பரில் ஒரு பகுதியை அழைத்தவர்கள், 2021-க்குள் அதுவரை தயாரித்த சுமார் 1,40,000 வண்டிகளையுமே அழைக்க வேண்டியதாயிற்று. இதில் ஒரு வேடிக்கை: ரீகாலில் புது பேட்டரி போட்ட பழைய போல்ட், அதே வயதுடைய மற்ற மின்சார வண்டிகளைவிட நல்ல பேரமாகிவிட்டது. ரீகால் வந்த வண்டி என்று ஒதுக்கியிருந்தால் நஷ்டம் ஒதுக்கியவருக்குத்தான்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. முதலில் வண்டியின் 17 இலக்க சேசிஸ் நம்பரை வாங்குங்கள். காகிதத்தில் இருப்பதை மட்டும் நம்பாமல், முன் கண்ணாடியின் கீழ் ஓரத்திலோ கதவுத் தூணிலோ பொறித்திருப்பதோடு ஒப்பிடுங்கள். அந்த நம்பரில் ஐ, ஓ, க்யூ ஆகிய மூன்று ஆங்கில எழுத்துகள் வரவே வராது. அப்படித் தெரிந்தால் அது ஒன்று அல்லது பூஜ்யம். இதைத் தப்பாக அடித்துவிட்டு ‘ரீகால் எதுவும் இல்லை’ என்று நிம்மதியாகிறவர்கள் உண்டு. நிறுவனத்தின் இணையதளத்திலேயே நம்பரைப் போட்டுப் பார்க்கலாம்; கிடைக்கவில்லை என்றால் அந்த பிராண்டின் டீலரிடம் நம்பரைக் கொடுத்துக் கேளுங்கள். பாக்கி ரீகால் மட்டுமல்ல, எந்த ரீகால் எந்தத் தேதியில் முடிந்தது என்பதும் அவர்கள் கம்ப்யூட்டரில் இருக்கும். பல நாடுகளில் அரசு அமைப்புகளும் தேடும் வசதி வைத்திருக்கின்றன. அமெரிக்காவின் சாலைப் பாதுகாப்பு அமைப்பான என்எச்டிஎஸ்ஏ-வின் தளத்தில் நிறுவனங்கள் டீலர்களுக்கு அனுப்பும் சர்வீஸ் புல்லட்டின்களும் கிடைக்கும். ஒரே இன்ஜின், ஒரே கியர்பாக்ஸ் அங்கும் விற்றிருந்தால் அதில் எதற்குப் புகார் குவிந்திருக்கிறது என்று வெட்ட வெளிச்சமாகத் தெரியும். தேடும்போது மாடல் பேரோடு இன்ஜின் குறியீட்டையும் கியர்பாக்ஸ் குறியீட்டையும் சேர்த்துத் தேடுங்கள், குப்பை குறையும்.

பழைய வண்டிகளில் ரீகால் பாக்கி இருப்பதற்கு உரிமையாளரின் அலட்சியம் மட்டுமே காரணமில்லை. கடிதம் முதல் உரிமையாளரின் பழைய முகவரிக்குப் போயிருக்கும். வண்டி இரண்டு கை மாறிய பிறகு அதைப் பற்றி யாருக்கும் தெரியாது. எத்தனையாவது உரிமையாளராக இருந்தாலும் ரீகால் வேலைக்குப் பணம் கேட்க மாட்டார்கள். வாங்கியதும் உங்கள் பேரையும் முகவரியையும் டீலரிடம் பதிவு செய்துவிட்டால் அடுத்த கடிதம் உங்களுக்கு வரும்.

நீங்கள் பார்த்திருக்கும் வண்டியில் அந்த மூன்றும் முடிந்திருந்தால் ரீகாலைப் பற்றி மறந்துவிட்டு பெல்ட், கியர்பாக்ஸ், கூலன்ட் என்று மற்றதைப் பாருங்கள். ஏதாவது பாக்கி என்றால், பணம் கொடுப்பதற்கு முன் விற்பவரே டீலரிடம் விட்டு முடித்துத் தரட்டும். ஜாப் கார்டின் (செய்த வேலையைக் குறித்துத் தரும் சீட்டு) நகலை வாங்கிக்கொள்ளுங்கள். மென்பொருள் மாற்றம் என்றால் ஒரு மணி நேர வேலை. பாகம் வர வேண்டியது என்றால் மாதக்கணக்கில் இழுக்கலாம், அதுவரை முன்பணத்தைக்கூடக் கையில் வைத்திருங்கள். டகாட்டா மாதிரி ‘ஓட்டவே கூடாது’ வகை என்றால் சோதனை ஓட்டமும் வேண்டாம். வண்டியை லாரியில் ஏற்றி டீலரிடம் கொண்டுபோகச் சொல்லுங்கள். அந்தச் செலவைப் பல சமயம் நிறுவனமே ஏற்றுக்கொள்ளும், கேட்டால்.